எல்லாம் பார்த்தாச்சு

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை மேகம் வருமுன்னே அணை போடுகிற ஆள். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒன்று, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் டிக்கியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் முற்றத்தில் பரப்பிவிடுவார். ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். ஜாக்கியின் திருகுக்கு எண்ணெய் விடுவார். முதலுதவிப் பெட்டியில் மருந்துகளின் காலாவதித் தேதியை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார். போர்வை, தண்ணீர் கேன், இழுவைக் கயிறு, சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணம், டார்ச் லைட், மழைக்கோட்டு எல்லாம் வெயில் காயும். வண்டி முடிந்ததும் மனிதர்கள். மாமனாரின் பையில் மாத்திரையும் ரத்த வகை எழுதிய சீட்டும் இருக்கிறதா, சின்னவளின் கைப்பையில் விசில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுத் துளைப்பார். வீட்டில் அவருக்கு 'முன்னெச்சரிக்கை' என்றே பெயர்.

தொழிலும் அப்படி. லிஃப்ட் மெக்கானிக். கயிற்றையும் பிரேக்கையும் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் ஒருநாளும் 'சரி' என்று சொன்னதில்லை. 'நான் சரின்னு சொன்னா அதுல குழந்தையை ஏத்தலாம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மாமனார் வீட்டு மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். கீழே மாமனாரும் சின்னவளும். சின்னவள் என்றால் மனைவியின் தங்கை. பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் வீடு வீடாகப் போய்க் கைகாலை மடக்கி நீட்டி நடக்க வைப்பாள். கார் மாமனாருடையது, ஓட்டுவது பெரும்பாலும் அவள்தான். கலகலப்பான பெண். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால்தான் தொடங்கியது. மழைக்கு முந்தைய மாதம் உறவுக்காரர்கள் சிலர் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ டிக்கிப் பக்கம் போனது. 'எங்க அத்தான் வண்டியில இல்லாத சாமானே கிடையாது. ஒரு டாக்டரையும் நாலா மடிச்சு உள்ள வெச்சுட்டாருன்னா ஆஸ்பத்திரியே தேவையில்ல' என்றாள் சின்னவள். பந்தி முழுக்கச் சிரிப்பு. மனைவியும் சிரித்தாள். மாப்பிள்ளையும் பல்லைக் காட்டினார். உள்ளே மட்டும் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், கடைசியில் கோமாளி ஆகிவிட்டேன் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு டிக்கியைத் திறக்கவில்லை. செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வேண்டுமென்றால் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வீம்பு.

அவளும் கேட்டாள்.

'அத்தான், வானம் இருட்டிக்கிட்டு வருது. அப்பாவை நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வண்டியைப் பாத்துட்டீங்கல்ல?'

செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். 'எல்லாம் பாத்தாச்சு.'

'அப்ப கவலையில்ல' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண் டாக்டர் இருந்தது மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரில். திரும்பி வரும்போது சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கல் குவாரி தாண்டி ஆள் அரவமில்லாத வளைவில் பின்டயர் வெடித்தது. மழையில் போனில் சிக்னல் அறவே போய்விட்டது. சின்னவள் பயப்படவில்லை, டயர் மாற்ற அவளுக்கே தெரியும், கற்றுக்கொடுத்தவரே அத்தான்தான். இறங்கி டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. நட்டுகளைக் கழற்றும் வீல் ஸ்பேனர் இல்லை. வெளிச்சம் பார்க்க டார்ச்சும் இல்லை.

'பொறுமையா தேடும்மா, மாப்பிள்ளை வெச்சிருப்பாரு. உனக்கு எப்பவும் அவசரம்' என்று உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவள் டிக்கியைக் காலி செய்தாள். போர்வை, கேன், பெட்டி எல்லாவற்றையும் மழையிலேயே எடுத்துப் போட்டுத் தேடினாள். கடைசியில் அப்பாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, தூரத்தில் தெரிந்த விளக்கைப் பார்த்து நடந்தாள். போன் வெளிச்சம் மழையில் இரண்டடிக்கு மேல் போகவில்லை. சாலையோரக் கால்வாய்க்கு மூடி இல்லாத இடத்தில் கால் வைத்தாள். விழுந்த வேகத்தில் உடம்பின் பாரம் முழுவதும் வலது கையில் இறங்கியது.

அந்த வழியாக வந்த ஒரு லாரிக்காரர்தான் இருவரையும் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மனைவிக்குப் போன் வந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். 'ஸ்பேனர் இல்லையாம், தேடினாளாம்' என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன அந்த நொடியில் அவருக்கு எல்லாம் கண்முன் வந்து நின்றது. போன கோடையில் தண்ணீர் மோட்டாரின் அடிப்போல்ட் துருப்பிடித்து இறுகிப்போனது. அதைக் கழற்ற வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தவர் அவரே. குழிக்குள் இருட்டாக இருந்ததால் டார்ச்சையும் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் இரண்டையும் மாடிப்படிக்குக் கீழே பலகையில் வைத்தார். அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வைத்தார்.

அந்த ஞாயிறு டிக்கியைத் திறந்திருந்தால் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சின்னவளின் கை மணிக்கட்டுக்கு மேலே கோணலாக வீங்கியிருந்தது. வலியில் உதடு வெளுத்துப் போயிருந்தது. அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டதே அதைத்தான்.

'அத்தான், ஸ்பேனரை எங்க வெச்சிருந்தீங்க? தேடித் தேடிப் பாத்தேன் அத்தான்.'

சொல்லியிருக்கலாம். மனைவி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமனார் ஈரத் துணியோடு நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். 

'உள்ளதான்... இருக்கும். இப்ப அதை விடும்மா. காலையில நான் போய்ப் பாக்கறேன்.'

காலையில் போனார். தனியாகப் போகவில்லை, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்பேனரும் டார்ச்சும் ஒரு துணிப்பைக்குள் அவரோடு பஸ்ஸில் போயின. டயர் மாற்ற ஸ்பேனர் வேண்டுமே, அதற்காகத்தான் எடுத்துப் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்யும் இல்லை.

வளைவில் கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அவள் எடுத்துப் போட்ட சாமான்கள் சேற்றில் கிடந்தன. போர்வை மண்ணோடு மண்ணாகியிருந்தது. முதலுதவிப் பெட்டியின் மூடி திறந்து பஞ்செல்லாம் ஊறிக் கிடந்தது. டிக்கிக்குள் விரிப்பைச் சுருட்டி ஒரு மூலையில் திணித்திருந்தாள். ஒரு இண்டு இடுக்கு விடாமல் தேடியிருக்கிறாள். டயரை மாற்றினார். நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். பாதியில் மனைவியிடமிருந்து போன்.

'போய்ச் சேந்துட்டீங்களா? ஸ்பேனர் இருந்துச்சா?'

மழை விட்டிருந்தது. குவாரிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

'இருந்துச்சு. விரிப்புக்கு அடியில, ஓரமா.'

'ஐயோ' என்றாள் மனைவி. 'அங்கேயே இருந்திருக்கு. இவ கண்ணுல படாமப் போச்சே.'

போனை வைத்த பிறகு விரிப்பைப் பிரித்துப் போட்டு, அதன் அடியில் ஸ்பேனரையும், பக்கத்தில் டார்ச்சையும் வைத்தார்.

ஒரு வார்த்தைதான். ஆனால் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. எலும்புக்குத் தகடு வைத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லியாக வேண்டுமே. 'ஸ்பேனரை வெச்சுக்கிட்டே ஊரெல்லாம் தேடியிருக்கா' என்று மாமனார் தொடங்குவார். 'சின்ன வயசிலிருந்தே அவசரக்குடுக்கை. மாப்பிள்ளை எவ்வளவு ஒழுங்கா எடுத்து வெச்சிருக்காரு, ஒரு நிமிஷம் நிதானமா பாத்திருந்தா இந்தக் கை தப்பிச்சிருக்கும்.' வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்து, 'நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்' என்பார்கள். அவர் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தொடக்கத்தில் சின்னவளும் சிரித்தாள். 'ஆமா, டாக்டரை மடிச்சு வைக்கச் சொன்னேன்ல, அந்தச் சாபம்தான்' என்றாள். அவளுடைய நோயாளிகள் ஒவ்வொருவராக வேறு ஆட்களிடம் போனார்கள். அவள் பிழைப்பே கை அல்லவா? கட்டு பிரித்த பிறகும் ஒரு ஈரத் துண்டைப் பிழிய அந்தக் கைக்கு வலு வரவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஜன்னலோரம் உட்கார்ந்து தானே செய்துகொண்டாள்.

மாப்பிள்ளை அவளை விழுந்து விழுந்து கவனித்தார். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப் போவார். பழம் உரித்துக் கொடுப்பார். வண்டிக்கு எல்லாச் சாமானும் புதிதாக வாங்கி வைத்தார். ஒருநாள் அவள், 'நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் அத்தான்' என்றாள். மறுநாள் அவர் வேலையிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, முறுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப முறுக்கினார். 'அண்ணே, மரை வழுக்கிடப் போவுது' என்று கூட வேலை செய்கிறவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். கை சரியாகட்டும், சொல்லலாம். மழையில் நனைந்து சளி பிடித்த மாமனாருக்கு உடம்பு தேறட்டும், சொல்லலாம். இப்படி நாள் போகப் போக அந்தச் சொல் பாறையாக இறுகிக்கொண்டது.

இதற்கிடையில் சின்னவளிடம் ஒரு மாற்றம். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மறுபடி வருவாள். 'அக்கா, நான் அடுப்பை அணைச்சேன்ல? நீ பாத்தியா?' என்று மாடிக்கு வந்து கேட்பாள். கார் சாவியை ஆணியில் மாட்டியவள் மாட்டியவள்தான். ஓட்டலாமே என்றால் கை வலிக்கிறது என்பாள். டாக்டரோ ஓட்டலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்.

வெயில் ஏறத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து சாமான்களைப் பரப்பினார். முன்பெல்லாம் அந்த வேலையில் ஒரு சுகம் இருக்கும். இப்போது ஸ்பேனரைக் கையில் எடுக்கவே கூசியது. சின்னவள் வந்து படியில் உட்கார்ந்தாள். ஸ்பேனரைக் காட்டிக் கேட்டாள்.

'அத்தான், ஒண்ணு காட்டுங்களேன். அன்னைக்கு இது எந்த இடத்துல இருந்துச்சு? அதே மாதிரி வெச்சுக் காட்டுங்க.'

'இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?'

'வைங்க. எனக்குத் தெரியணும்.'

விரிப்பைத் தூக்கி, ஓரமாக வைத்து மூடினார். ஸ்பேனர் இருந்த இடத்தில் விரிப்பு மேடாகத் துருத்திக்கொண்டு நின்றது. அவள் எழுந்து வந்து அந்த மேட்டை இடது கையால் தடவினாள்.

'இவ்வளவு நல்லாத் தெரியுதே. நான் விரிப்பை எடுத்துச் சுருட்டினேன் அத்தான். சுருட்டி மூலையில தள்ளினேன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா இது இருந்திருக்கே. அப்ப நான் சுருட்டவே இல்லையா?' அவள் குரல் மெல்ல இறங்கியது. 'அக்காகிட்ட சொல்லாதீங்க. தலையை ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். கண்ணு முன்னால இருக்கறது தெரியாத ஒருத்தி, நாளைக்கு ரோட்டுல எதிர்ல ஆள் வந்தாலும் தெரியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் வண்டியைத் தொடறதில்ல.'

மாப்பிள்ளை டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

'உன் தலைக்கு ஒண்ணும் இல்ல. நீ சுருட்டினது நிஜம். நான் பாத்தேன். ஸ்பேனர் வண்டியில இல்லம்மா.'

அவளுக்குப் புரியவில்லை. 'எந்த ஸ்பேனர்?'

'இதுதான். மோட்டார் வேலைக்கு எடுத்தேன். மாடிப்படிக்குக் கீழ வெச்சுட்டு மறந்துட்டேன்.'

'டார்ச்சு?'

'அதுவும்.'

'பாத்தாச்சுன்னு சொன்னீங்களே?'

'பாக்கல. உன் மேல கோபம். டிக்கியைத் திறக்கவே இல்ல.'

'அப்ப மறுநாள் இருந்துச்சுன்னு...'

'நான்தான் பையில கொண்டுபோய் வெச்சேன்.'

அவள் முகத்தில் கோபம் வரும், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கையோ போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'எடுத்ததை மறந்தீங்க, அது மனுஷ சுபாவம். பாத்தாச்சுன்னு சொன்னதைக்கூட விட்டுடலாம், என் வாயும் சும்மா இருக்கல' என்றாள் கடைசியில். 'ஆனா இத்தனை மாசம் அப்பா என்னைப் பேசும்போதெல்லாம் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பினேன் அத்தான். அதைப் பாத்துக்கிட்டே பழம் உரிச்சுக் குடுத்தீங்க.'

அவர் டிக்கியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

'உள்ள வாங்க. அப்பாவும் அக்காவும் சாப்பிட உக்காந்திருக்காங்க. என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. ஒண்ணு விடாம.'

சொன்னார். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். மாமனார் பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு மருமகனையே பார்த்தார். திட்டவில்லை. சின்னவள் பக்கம் திரும்பி, 'நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன்' என்றார்.  'வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னேனேம்மா.' அவள் 'சாப்பிடுங்கப்பா' என்று மட்டும் சொன்னாள்.

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவர் பின்னாலேயே போனார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு திரும்பாமலே கேட்டாள்.

'நான்தானே போன்ல கேட்டேன். என்கிட்டகூடவா?'

'பயமா இருந்துச்சு.'

'எதுக்கு? நாங்க என்ன, உங்களைக் கழுவுல ஏத்திடுவோமா?' தட்டை நங்கென்று வைத்தாள். 'முன்னெச்சரிக்கைங்கற பேரு போயிடும்னுதானே பயம்?'

ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கும். இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள்.

வீட்டில் யாரும் அவரை ஒதுக்கவில்லை. காபி நேரத்துக்கு வந்தது, சட்டை மடித்து வந்தது. ஆனால் கேஸை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால், மனைவி எழுந்துபோய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மாமனார் வீடு வீடாகப் போனார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முன்பு யார் யாரிடம் மகளைப் பற்றிச் சொன்னாரோ அவர்களிடமெல்லாம், 'தப்பு என் பொண்ணு மேல இல்ல' என்று சொல்லிவிட்டு வந்தார். யார் மேல் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த மரியாதை மாப்பிள்ளையை இன்னும் கூனிக் குறுக வைத்தது. அடுத்த வாரம் மாமனார் போய்ச் சொன்ன உறவினர் ஒருவர் வந்தபோது, 'தப்பு என்னோடதுங்க' என்று தானே சொன்னார். வந்தவர் தர்மசங்கடமாகக் கூரையைப் பார்த்தார்.

சின்னவள் ஸ்கேனுக்குப் போகவில்லை. கதவை ஒருமுறை பூட்டினால் போதும் என்று ஆனது. வண்டிச் சாமானையெல்லாம் தானே எடுத்து, தானே பார்த்து, தனக்குப் பிடித்தபடி அடுக்கிக்கொண்டாள். அவர் ஒருநாள் தயங்கியபடி ஜாக்கிக்கு எண்ணெய் விடட்டுமா என்று கேட்டார். 'விட்டாச்சு' என்றாள்.  கேட்டதற்குப் பதில், அதுவும் அளந்து.

கையில் வலு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பழைய நோயாளி ஒருவர், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த ஒரு பள்ளி ஆசிரியை, வேறு யாரும் சரிப்பட்டு வரவில்லை, நீயே வா என்று கூப்பிட்டு அனுப்பினார். புறப்படுகிற அன்று காலை மாப்பிள்ளை மாடிப்படியில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் வெளியே வந்தாள். காருக்குப் பின்னால் அவருடைய ஸ்கூட்டர் நின்றது.

'அத்தான், ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்துங்க. வண்டி எடுக்கணும்.'

ஒரு கயிறு அவிழ்ந்தபடியே ஓடிப்போய் நகர்த்தினார். கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் பின்னால் திரும்பிப் பார்த்து, மெதுவாக வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். கியர் மாற்றும்போது முகம் லேசாகச் சுளித்தது. அவரைப் பார்க்கவில்லை. கார் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அவர் கேட்டை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். மேலிருந்து மனைவி, 'வேலைக்குப் போகலையா?' என்று குரல் கொடுத்தாள்.